கடன்காரன் விளையாடக் கூடாதா?

மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுறது பத்தி இந்த வாரம் எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல வரும். இன்னைக்கு மனசுல கிடக்கிறத முதல்ல கொட்டிடறேன். இல்லன்னா ஜிப்சம் பத்தி எழுத உக்காந்தாலும் கோபம்தான் வரும்.

போன ஞாயித்துக்கிழமை எங்க அக்கா பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில உக்காந்து இலையில கூட்டு வச்சிருக்காங்க. எதிர் வரிசையில என் மச்சான், அதாவது எங்க வீட்டுல இருக்கிறவங்களோட கூடப்பிறந்த அண்ணன். நாலு பேருக்குக் கேக்கிற மாதிரி சொல்றாரு: "மாப்ள இப்ப ரொம்ப பிஸி. உரக்கடையில கடன் சொல்லிட்டு, திண்ணையில உக்காந்து பொம்ம வீடு கட்டிக்கிட்டு இருக்காரு. அடுத்த தீபாவளிக்கு வேட்டி எடுக்க வேணாம், பால் புட்டி எடுத்தா போதும்."

பந்தியே சிரிச்சிது. நானும் சிரிச்சேன். சாப்பிட்டேன், மொய் எழுதினேன், வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். மூணு நாளா தூக்கம் வரல. மச்சான் கேலி பண்றது புதுசு இல்ல, உறவுன்னா அது இருக்கும். ஆனா அந்த சிரிப்புல ஒரு தீர்ப்பு இருந்துச்சு. "கடன் இருக்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா?"ன்னு. அந்தத் தீர்ப்புக்குத்தான் இந்தப் பதில்.

தெரியாதவங்களுக்கு முதல்ல விஷயத்தச் சொல்லிடறேன். லெகோன்னு ஒரு பிளாஸ்டிக் கட்டை. மேல குமிழ் குமிழா இருக்கும், அடியில குழாய் இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அழுத்தினா 'டக்'குனு பிடிச்சுக்கும், இழுத்தா கழண்டு வந்துடும். வீடு, வண்டி, பாலம், எது வேணா கட்டலாம். அந்தக் கட்டைகளச் சேர்க்கிறதும் கட்டுறதும்தான் என்னோட பொழுதுபோக்கு. எனக்கு வயசு அம்பத்தி நாலு. படிச்சது பத்தாவது. நிலம் ரெண்டு காணி, அதுல கரும்பும் மல்லாட்டையும்.

இது எப்படி வந்துச்சுன்னா, 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டப்ப சென்னையில இருக்கிற மகனோட பையன் எங்ககிட்ட மாட்டிக்கிட்டான். லீவுக்கு வந்த பிள்ளை நாலு மாசம் இங்கயேதான் இருந்தான். வரும்போது ஒரு டப்பா நிறைய இந்தக் கட்டைய எடுத்துட்டு வந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் பேசிக்க ஒண்ணும் இல்ல. நான் சொல்ற கதை அவனுக்குப் புரியாது, அவன் சொல்ற கார்ட்டூன் எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவன் கட்டின சுவர் சாஞ்சு விழுந்துச்சு. நான் பாத்தேன், மூட்டு மேல மூட்டு நேரா விழுந்திருக்கு. "டேய், கொத்தனார் இப்படி வெக்க மாட்டார்டா, ஒரு கல்லு விட்டு மாத்தி வைக்கணும்"னு எடுத்து வச்சுக் காட்டினேன். அன்னைக்கு உக்காந்தவன்தான். அவன் ஊருக்குப் போன பிறகும் நான் எந்திரிக்கல.

இப்ப மச்சானோட கேள்விக்கு வரேன். அவர் கேட்டது மூணு கேள்வி. ஒண்ணு, இது சின்னப்பிள்ளை வேலை. ரெண்டு, இது தண்டச் செலவு. மூணாவது பந்தியில சொல்லல, வீட்டு வாசல்ல வேற ஒரு நாள் சொன்னாரு: "இயற்கை விவசாயம்னு எழுதுற ஆளு, வீடு பூரா பிளாஸ்டிக்க வச்சிருக்காரு." மூணுக்கும் வரிசையா பதில் சொல்றேன். எங்க அவர் சொல்றது சரியோ அங்க ஒத்துக்கவும் செய்றேன்.

முதல் கேள்வி. சின்னப்பிள்ளை வேலையாம்.

இந்தக் கட்டை எங்க பொறந்துச்சுன்னு கொஞ்சம் கேளுங்க. டென்மார்க் நாட்டுல பில்லுண்டுன்னு ஒரு கிராமம். அங்க ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்னு ஒரு தச்சாசாரி. சுத்துப்பட்டு விவசாயிங்களுக்கு வீடு, கதவு, மேசை, நாற்காலி செஞ்சு குடுத்துப் பொழைச்சவர். 1930 வாக்குல உலகம் பூரா பொருளாதாரம் படுத்துச்சு. விவசாயி கையில காசு இல்லன்னா ஆசாரிக்கு எங்க வேலை? நம்ம ஊர்ல மழை பொய்க்கிற வருஷம் கொல்லுப்பட்டறை என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? அப்பத்தான் அவர் 1932ல மரப்பொம்மை செய்ய ஆரம்பிச்சார். அதே வருஷம் மனைவியும் செத்துப்போனாங்க. நாலு ஆம்பளப் பிள்ளைங்க. 1934ல அந்தத் தொழிலுக்கு லெகோன்னு பேர் வச்சார். டேனிஷ் மொழியில 'நல்லா விளையாடு'ங்கிற ரெண்டு வார்த்தையச் சுருக்கி வச்ச பேர்.

அவரோட பட்டறை 1924ல எரிஞ்சுது, சொந்தப் பிள்ளைங்களே மரச்சீவல்ல நெருப்பு வச்சு. 1942ல மறுபடி எரிஞ்சுது. 1946ல பிளாஸ்டிக் வார்க்கிற மிஷின் வாங்கினாங்க. 1949ல முதல் கட்டை வந்துச்சு. அது முழுக்க அவங்க சொந்த யோசனையும் இல்ல, இங்கிலாந்துல ஹிலாரி ஃபிஷர் பேஜ்ங்கிறவர் முன்னாடியே செஞ்ச கட்டையப் பாத்துச் செஞ்சதுதான். ஆனா அது சரியா பிடிக்காது, தூக்கினா உதிரும். அடியில குழாய் வச்சா மேல இருக்கிற குமிழ இறுக்கிப் பிடிக்கும்னு கண்டுபிடிச்சு அவர் மகன் காட்ஃபிரட் 1958 ஜனவரி 28ந் தேதி காப்புரிமைக்குப் பதிஞ்சார். அதே வருஷம் அப்பா காலமாயிட்டார். 1960ல மறுபடி தீ, மரப்பொம்மை வச்சிருந்த கிடங்கு போச்சு. அதோட மரத்த விட்டுட்டு இந்தக் கட்டையோட நின்னுட்டாங்க.

விவசாயி கையில காசு இல்லாத காலத்துல, கிராமத்து ஆசாரி கையில பொறந்த பொருள் மச்சான் இது. நீங்க நினைக்கிற மாதிரி பணக்கார வீட்டுத் தொட்டில்ல பொறக்கல.

இன்னொண்ணு சொல்றேன். 1958ல வார்த்த கட்டைய எடுத்து இன்னைக்கு வார்த்த கட்டை மேல வச்சா பிடிச்சுக்கும். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அளவு மாறல. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டை உயரம் 9.6. மெல்லிசா தட்டு ஒண்ணு இருக்கு, அது 3.2. மூணு தட்டு அடுக்கினா ஒரு கட்டை. அஞ்சு தட்டு அடுக்கினா 16 மில்லிமீட்டர், அது சரியா ரெண்டு குமிழ் அகலம். அதனால கட்டைய பக்கவாட்டுல திருப்பிப் போட்டாலும் இடுக்கு இல்லாம உக்காரும். இத நானா கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி பதினோரு மணி. எங்க வீட்டுல எழுப்பிச் சொன்னேன். "இதுக்கா எழுப்பின?"ன்னு திட்டிட்டு திரும்பிப் படுத்துட்டாங்க.

என் கிணத்துல இருக்கிற மோட்டார் வாங்கி ஒன்பது வருஷம்தான் ஆவுது. போன வருஷம் அதுக்கு ஒரு புஷ் போச்சு. "இந்த மாடல் இப்ப வர்றதில்ல சார், புது பம்பு போட்டுடுங்க"ன்னாங்க. சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரு கடையில வாங்கின இணைப்பு இன்னொரு கடைக் குழாய்ல ஏறாது. பெரியவங்க வாங்குற, மானியம் குடுத்து வாங்குற சாமான்ல இல்லாத ஒழுங்கு ஒரு பொம்மைக் கட்டையில இருக்கு. இதுல எது சின்னப்பிள்ளை வேலை?

அய்யனார் கோயிலுக்கு ஆள் உயரத்துக்கு மேல மண் குதிரை செஞ்சு வைக்கிறோம். செய்றவரும் பெரிய ஆளு, கும்பிடுறவனும் பெரிய ஆளு. டவுன்ல நவராத்திரிக்குப் படி கட்டி கொலு வைக்கிறாங்க. ஒன்பது நாள் பொம்மைய அடுக்கி, பூங்கா கட்டி, குளம் கட்டி, சுண்டல் குடுத்து ஊரக் கூப்பிட்டுக் காட்டுறாங்க. அவங்களுக்கு யாரும் பால் புட்டி வாங்கித் தரேன்னு சொன்னதில்ல. சாயங்காலம் ஆனா தென்னந்தோப்புல சீட்டு விளையாடுற இருபது பேரும் மீசை வச்சவங்கதான். சீட்டுங்கிறது மட்டும் என்ன, அட்டையில அச்சடிச்ச பொம்மைதானே?

நான் கட்டினதுல ஒண்ணப் பத்திச் சொல்றேன். கவலை. மனக்கவலை இல்ல, கிணத்துக் கவலை. எங்க அப்பா காலத்துல மாடு கட்டித் தண்ணி இறைச்சது. நான் சின்னப் பையனா இருந்தப்ப பாத்திருக்கேன். மோட்டார் வந்ததும் கல்தூண எடுத்து மாட்டுக் கொட்டாய்க்குப் போட்டுட்டோம். இப்ப ஊர்ல ஒரு கவலை கிடையாது. ஞாபகத்துல இருந்து கட்டினேன். கிணறு, உருளை, வடம், சால், தண்ணி விழுற தொட்டி, ரெண்டு மாடு. வடத்துக்கு மட்டும் சணல் நூல்.

பங்காளி வகையில எங்க பெரியப்பா ஒருத்தர் இருக்கார், எண்பத்தஞ்சு தாண்டிட்டார். திண்ணைக்கு வந்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் கைத்தடியால மாட்டுத் தடத்தத் தொட்டு, "சரிவு பத்தாதுடா. மாடு இழுக்கும்போது பள்ளத்துல இறங்கணும், அப்பத்தான் அதோட கனமும் சேர்ந்து இழுக்கும். நீ சமதரையில ஓட்டுற. மாடு செத்துப்போயிடும்"னார். கழட்டிட்டு மறுபடி சரிவா கட்டினேன். திரும்ப வந்து பாத்தார். "திரும்பி ஏறும்போது மாடு பின்னாடியே நடந்து வரும், உங்க அப்பன் ஓட்டினா ஒரு அதட்டல்கூட இருக்காது"ன்னார். என் அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு. அவர் மாடு ஓட்டினத ஒருத்தர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

இதச் சின்னப்பிள்ளை வேலைன்னு சொல்றவங்க சொல்லிக்கலாம்.

ரெண்டாவது கேள்வி, பணம். இதுலதான் மச்சான் நல்லா அடிச்சாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். நான் நோட்டுல எழுதி வைக்கிற ஆளு. கணக்க அப்படியே போடுறேன்.

2020ல செலவு இல்ல, பேரன் விட்டுட்டுப் போனது. 2021ல ரூ.1,300. புதுச்சேரி ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய சாமான் விரிச்சிருக்கிறவர்கிட்ட ரெண்டு பை கலந்த கட்டை. 2022ல ரூ.900, அதே சந்தை. 2023ல ரூ.3,800, ஒரு புது டிராக்டர் செட். 2024ல ரூ.1,600. 2025ல ரூ.750. மொத்தம் ரூ.8,350. அஞ்சு வருஷத்துக்கு வகுத்தா மாசம் நூத்தி நாப்பது ரூபாய்க்குள்ள. நாளைக்கு அஞ்சு ரூபாய் வரல. டீக்கடையில அரை டீ.

தினம் ஒரு குவார்ட்டர், நூத்தி நாப்பது ரூபாய்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு ரூ.51,100. அந்தப் பந்தியில என்னப் பாத்து சிரிச்சவங்கள்ல நாலு பேருக்காவது இந்தக் கணக்கு பொருந்தும். அவங்கள யாரும் "கடன் இருக்கும்போது இது தேவையா"ன்னு பந்தியில வச்சுக் கேக்கல. கேக்கவும் மாட்டாங்க. குடிக்கிறவன் "ஆம்பளை, உடம்பு வலி". கட்டை அடுக்குறவன் "புத்தி பேதலிச்சவன்".

இப்ப நான் ஒத்துக்கிற இடம். அந்த டிராக்டர் செட். 2023 ஆவணியில சென்னைக்குப் போனப்ப கடைக் கண்ணாடியில பாத்தேன். வாங்கிட்டேன். வீட்டுல "மகன் வாங்கிக் குடுத்தான்"னு சொன்னேன். பொய். ரெண்டு மாசம் கழிச்சு ஐப்பசியில மச்சான்கிட்ட இருபதாயிரம் கைமாத்து வாங்கினேன், உரத்துக்கும் ஆள் கூலிக்கும். தீபாவளிக்கு மகன் வந்தப்ப பேச்சுவாக்குல எல்லாம் வெளியில வந்துடுச்சு. எங்க வீட்டுல ஒரு வாரம் பேசல. "நீ வாங்கினதுக்கு நான் கோபப்படல, என்கிட்ட மறைக்கிற அளவுக்கு அதுல என்ன தப்பு இருந்துச்சு சொல்லு"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. வாங்குறது தப்புன்னு நானே நினைச்சதாலதான் மறைச்சேன். மச்சானோட தீர்ப்பு அவருக்கு முன்னாடியே என் மண்டைக்குள்ள உக்காந்திருக்கு.

மச்சானுக்கு பன்னெண்டாயிரம் திருப்பிக் குடுத்துட்டேன். பாக்கி எட்டாயிரம். என் கட்டைக் கணக்கு எட்டாயிரத்து முந்நூத்தி அம்பது. இத ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து அவர் சிரிப்பார்னு தெரிஞ்சேதான் எழுதுறேன். அதே நோட்டுல இன்னொரு பக்கமும் இருக்கு மச்சான். கரும்பு இறக்கின 14 நாளைக்குள்ள பணம் குடுக்கணும்னு 1966லயே மத்திய அரசு கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கு. நான் வெட்டி அனுப்பின கரும்புக்குப் பணம் எத்தனை மாசம் கழிச்சு வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும், நீங்களும் அதே வரிசையில நின்னீங்க. என் கடன் அந்த மாசங்கள்ல வளர்ந்தது. திண்ணையில இருக்கிற டப்பாவுல வளரல.

மூணாவது கேள்வி, பிளாஸ்டிக். இதுல மச்சான் பக்கம் நியாயம் நிறைய இருக்கு.

இது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், பெட்ரோலியத்துல இருந்து வர்றது. 1997 பிப்ரவரி 13ந் தேதி டோக்கியோ எக்ஸ்பிரஸ்னு ஒரு கப்பல் இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில பெரிய அலையில சிக்கி கன்டெய்னருங்க கடல்ல விழுந்துச்சு. அதுல ஒரு கன்டெய்னர்ல கிட்டத்தட்ட 48 லட்சம் லெகோ துண்டு. கார்ன்வால் கரையில இன்னும் ஒதுங்கிக்கிட்டே இருக்கு. பிளைமவுத் பல்கலைக்கழகத்துக்காரங்க கரையில கிடைச்ச கட்டைகள ஆராய்ச்சி பண்ணி, கடல்ல 100 வருஷத்துல இருந்து 1,300 வருஷம் வரைக்கும் கிடக்கும்னு 2020ல சொன்னாங்க. பழைய பாட்டில உருக்கிக் கட்டை செய்றோம்னு கம்பெனி 2021ல மாதிரி காட்டிட்டு, 2023ல அது சரிவரலன்னு விட்டுடுச்சு.

கேக்க வேடிக்கையா ஒண்ணு இருக்கு. 2018ல இருந்து அவங்க செய்ற இலை, செடி, மரம் மாதிரி மெத்துனு இருக்கிற துண்டுகள கரும்புல இருந்து எடுக்கிற பிளாஸ்டிக்ல செய்றாங்க. கரும்பு விக்கிற நான் கரும்புலயே செஞ்ச இலைய காசு குடுத்து வாங்குறேன். ஆனா அதுவும் மண்ணுல மக்காத பாலிதீன்தான், கரும்புங்கிறதால புண்ணியம் ஆயிடாது.

அப்ப நான் என்ன பண்றேன்? அந்த ஒரு டிராக்டர் தவிர மத்ததெல்லாம் பழசுதான் வாங்குறேன். சந்தையில கொட்டி வச்சிருப்பாங்க, மத்த கம்பெனிக் கட்டையும் கலந்திருக்கும். லெகோன்னா ஒவ்வொரு குமிழ் மேலயும் பேர் பொடி எழுத்துல பொறிச்சிருக்கும், விரல் நகத்தால தடவினாலே தெரியும். வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணியில ஊற வச்சு பழைய பல் பிரஷ்ல தேய்ச்சு நிழல்ல காயவைப்பேன். வெள்ளை மஞ்சளாயிருந்தா ஹைட்ரஜன் பெராக்சைடுல போட்டு வெயில்ல வச்சா வெளுக்கும். அப்புறம் கத்திரி நாத்து விடுற குழித்தட்டுல பிரிச்சுப் போடுவேன். நிறம் பாத்துப் பிரிக்கக் கூடாது, உருவம் பாத்துப் பிரிக்கணும். ஏன்னா கும்பல்ல சிவப்பு எதுன்னு கண்ணுக்கு உடனே தெரியும், சிவப்புக் கும்பல்ல ஒத்தைக் குமிழ் எதுன்னு தெரியாது. இது ரெண்டு வருஷம் தப்பா பிரிச்சு கத்துக்கிட்டது.

நம்ம நிலத்துல போடுற மூடாக்கு ஷீட்டு ஒரு பருவம், ரெண்டு பருவத்துல கிழிஞ்சு மண்ணோட மண்ணா போவுது. அத யாரும் பொறுக்குறதில்ல. உரச் சாக்கு, மருந்து டப்பா, சொட்டுநீர்க் குழாய்த் துண்டு எல்லாம் வாய்க்கால்லதான் கிடக்கு. என் வீட்டு கட்டை ஒண்ணு மோட்டு இடுக்குல விழுந்தா டார்ச் அடிச்சுத் தேடி எடுக்கிறேன். இந்த ஊர்ல தூக்கிப் போடாம வச்சிருக்கிற பிளாஸ்டிக் அது ஒண்ணுதான்.

பதில் முடிஞ்சுது. இப்ப நான் கேக்கிறேன்.

டவுன்ல ஐ.டி. வேலை செய்றவன் இதே கட்டைய வாங்கி அலமாரியில வச்சா அது 'ஹாபி'. "மன அழுத்தம் குறையுமாம், டாக்டரே சொல்றாங்களாம்"னு நம்மளே பெருமையா பேசுறோம். அவனுக்கு வீட்டுக் கடன் முப்பது லட்சம் இருக்கும், அது யார் கண்ணுக்கும் தெரியாது. எட்டாயிரம் கைமாத்து இருக்கிற விவசாயி அதையே பண்ணா பொறுப்பில்லாதவன். இது என்ன நியாயம்?

விவசாயின்னா ரெண்டே வேஷம்தான் நமக்குக் குடுத்திருக்காங்க. ஒண்ணு, சோறு போடுற சாமி. இன்னொண்ணு, கோவணத்தோட வெடிச்ச மண்ணுல உக்காந்து வானத்தப் பாக்கிற பாவப்பட்டவன். சாமியும் விளையாடக் கூடாது, பாவப்பட்டவனும் விளையாடக் கூடாது. கடன் தீர்ற வரைக்கும் சிரிக்கக் கூடாதுன்னா நம்ம ஊர்ல எவன் சிரிக்க முடியும்? என் தாத்தா கடனோட செத்தார். அப்பா கொஞ்சம் அடைச்சுட்டு மீதியோட செத்தார். அவங்க ரெண்டு பேரும் கட்டில்ல கிடந்தப்ப "ஒரு நாள் கூட எனக்காக உக்காந்ததில்ல"ன்னு சொன்னதக் காதால கேட்டவன் நான்.

நான் ஏன் உக்காருறேன்னு சொல்றேன். காணியில நான் செய்ற எதுவும் என் கையில இல்ல. மழை என் கையில இல்ல. வெட்டு உத்தரவு என் கையில இல்ல. மல்லாட்டை மூட்டைக்கு விலை சொல்றவன் நான் இல்ல. விதைக்கும்போது ஒரு வாரம் தப்பினா ஒரு வருஷம் போச்சு, அந்தத் தப்பக் கழட்டி மறுபடி மாட்ட முடியாது. இந்தக் கட்டையில தப்பு பண்ணா கழட்டலாம். எட்டு குமிழ் கட்டை ஆறே ஆறு, ஒரே நிறம், குடுத்தா அத 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமா சேர்க்கலாம்னு கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், நான் வச்சது வச்ச இடத்துல நிக்குது. அந்த ஒரு மணி நேரத்துக்கு யார்கிட்டயும் நான் கையேந்தல.

என்ன மாதிரியே இதச் சேர்க்கிறவங்க சிலருக்கும் ஒரு வார்த்தை. பெட்டியப் பிரிக்காம அடுக்கி வச்சு விலை ஏறுமான்னு பாத்துக்கிட்டு இருக்கிற ஆளுங்க இருக்காங்க. 2008ல தாஜ்மகால் செட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, 5,900 துண்டுக்கு மேல. அத சீல் பிரிக்காம பூட்டி வச்சவங்க உண்டு. 2017ல கம்பெனியே அத மறுபடி போட்டுடுச்சு. விதை நெல்ல விதைக்காம மூட்டையில வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கிறவன எங்க ஊர்ல விவசாயின்னு சொல்ல மாட்டோம். உங்களையும் எனக்கு விளையாடுறவன்னு சொல்ல வாய் வரல. மச்சான் கேலி பண்ண வேண்டியது உங்களத்தான்.

கடைசியா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில தெருப் பிள்ளைங்க ஏழெட்டு பேர் திண்ணைக்கு வரும். போன மாசம் ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு, அவங்க அப்பா டிராக்டர் டிரைவர், எட்டுப் பல் சக்கரத்த நாப்பது பல் சக்கரத்தோட மாட்டிச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. "மாமா, இது அஞ்சு சுத்து சுத்தினா அது ஒரு சுத்துதான் சுத்துது. ஆனா கனமா இழுக்குது. எங்கப்பா சேத்துல மாட்டினா முதல் கியர் போடுறது இதுக்குத்தானா?"ன்னு கேட்டுச்சு. நான் பதினஞ்சு வருஷம் பவர் டில்லர் ஓட்டியிருக்கேன், கியர் மாத்துவேன், ஏன்னு யோசிச்சதில்ல. ஆமாம்மான்னு சொல்லிட்டு நானும் ஒரு தரம் சுத்திப் பாத்தேன்.

மச்சான், தை மாசம் வெட்டு முடிஞ்சு பணம் வந்ததும் பாக்கி எட்டாயிரத்த வீட்டுக்கே வந்து குடுத்துடறேன். இத நாலு பேர் படிக்கிற இடத்துல எழுதிட்டேன், இனி தவற முடியாது. குடுத்து முடிச்ச பிறகும் இந்தக் கட்டைய விட மாட்டேன், இப்ப குடுக்கிறதுக்கு முன்னாடியும் விட மாட்டேன். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. அன்னைக்கு வந்தா அவசரப்பட்டு எந்திரிக்காதீங்க. கவலையில ஒரு இடம் இன்னும் சரி வரல, சால் மேல வந்ததும் தானா கவுந்து தொட்டியில ஊத்தணும், என்கிட்ட பாதியிலேயே கவுந்துடுது. உங்க கிணத்துல எங்க கவலைக்கு அப்புறமும் நாலஞ்சு வருஷம் ஓட்டினீங்க. எப்படின்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அடுத்த பதிவு ஜிப்சம்தான். பூ எடுக்கிற நாள எண்ணி வைங்க.